கல்வெட்டு படிக்க ஆசைப்படும் பெண்ணை கம்ப்யூட்டர் சயின்ஸில் தள்ளாதீர்கள்

பிளஸ் டூவில் நல்ல மார்க், ஆனால் தொல்லியலும் மொழியியலும்தான் படிப்பேன் என்கிறாள், சொந்தக்காரர்கள் எல்லாம் ஒரு மாதிரி பார்க்கிறார்கள் என்று செங்கம் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி எழுதியிருக்கிறார்கள். கவலை நியாயம்தான். ஆனால் மாமாவும் சித்தப்பாவும் சொல்கிறார்கள் என்பதற்காக, நிலத்தை அடமானம் வைத்து மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் வாங்குவது தப்பு. கடனை அடைக்கப்போவது நீங்கள், பிடிக்காததை நாலு வருஷம் படிக்கப்போவது அவள். மாமாவுக்கு இதில் ஒரு ரூபாய் செலவில்லை.

பி.எட்., குரூப் தேர்வு எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுங்கள். யாரும் உங்களிடம் சொல்லாதது கல்வெட்டியல். அவள் கேட்கும் இரண்டு படிப்பும் சேருகிற இடம் அதுதான். கீழடியில் 'ஆதன்' என்று கீறிய பானை ஓடு கிடைத்தது. அது எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதைத் தொல்லியல் சொல்லும், அது தமிழா, அந்தக் காலத்து வடஇந்திய மொழியான பிராகிருதமா என்பதை மொழி தெரிந்தவர்தான் சொல்ல முடியும். ழ, ள, ற, ன நான்குக்கும் தமிழ்பிராமியில், அதாவது தமிழை எழுதிய மிகப் பழைய எழுத்தில், தனி வடிவம் இருப்பதே அதற்குப் பெரிய துப்பு. கை வேலையும் உண்டு. கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை பிரஷ்ஷால் தட்டி, மேலே மை ஒற்றினால் கறுப்புக்கு நடுவே எழுத்து வெள்ளையாக நிற்கும். மைப்படி என்பார்கள். அப்புறம்தான் உட்கார்ந்து வாசிப்பது. உங்கள் செங்கத்து நடுகற்களில் இருப்பது வட்டெழுத்து, தமிழை எழுதிய இன்னொரு பழைய எழுத்து. கூட்டிப்போய்க் காட்டுங்கள், வெயிலில் எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்று பாருங்கள்.

இளங்கலைக்கு அரசுக் கல்லூரியில் வரலாறோ தமிழோ போதும். முதுகலைக்குத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம். கல்வெட்டியல் - தொல்லியல் துறையும் மொழியியல் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. வெளியூர் போகத் தயார் என்றால் புனே டெக்கான் கல்லூரி, அங்கும் தொல்லியல், மொழியியல் இரண்டும் உண்டு. கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் எழுதுகிற நெட் தேர்வில் இரண்டுமே தனித்தனிப் பாடங்கள். அந்த உதவித்தொகை (ஜேஆர்எஃப்) கிடைத்துவிட்டால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், ஆராய்ச்சிக்கு வீட்டுக் காசு தேவைப்படாது.

வேலை குறைவு என்பதையும் மறைக்க மாட்டேன். மத்திய, மாநிலத் தொல்லியல் துறைகளில் இடங்கள் கொஞ்சம்தான், அறிவிப்பு வரக் காத்திருக்க வேண்டியிருக்கும், பிஎச்.டி. வரை போகாமல் கல்லூரி வேலையும் கஷ்டம். அதனால்தான் செலவில் கறாராக இருக்கச் சொல்கிறேன்: இந்தப் படிப்புக்கு நன்கொடை கேட்கிற கல்லூரி எதுவானாலும் வேண்டாம், கடனும் வேண்டாம். அரசுக் கல்லூரியில் மூன்று வருஷம் படித்தபின் அவளே மனம் மாறினாலும் கையில் ஒரு பட்டம் இருக்கும், நிலமும் உங்களிடமே இருக்கும்.