பல்லையும் சேர்த்து எண்ணியவர்

கேள்வி: மனித உடலில் 300 எலும்புகள் என்று சுஸ்ருதர் எழுதியிருக்கிறாராம். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் 206 என்கிறாள். அந்தக் காலத்து வைத்தியர்கள் எல்லாம் குத்துமதிப்பாகச் சொல்லிவிட்டுப் போனவர்கள்தானே?
— ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: உங்கள் மகள் சொன்னது சரி. உங்கள் 'குத்துமதிப்பு'தான் எனக்குப் பொறுக்கவில்லை.

சுஸ்ருதர் பெயரால் வழங்கும் பழைய மருத்துவ நூலான சுஸ்ருத சம்ஹிதையில், உடலை அறுத்துப் பார்க்க ஒரு செய்முறை இருக்கிறது. விஷத்தாலோ நெடுநாள் நோயாலோ சாகாத ஒருவரின் உடலை எடுத்து, குடலில் இருப்பதை நீக்கி, புல்லும் மரப்பட்டையும் சுற்றி, கூண்டுக்குள் வைத்து, ஓடும் ஆற்றில் மறைவான இடத்தில் ஏழு இரவு ஊறப் போட வேண்டும். அப்புறம் வெட்டிவேர், மயிர், மூங்கில் போன்றவற்றால் செய்த தூரிகையால் மெல்லச் சுரண்டி, தோல் தொடங்கி ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்க்க வேண்டும். ஏழு நாள் ஊறிய பிணத்தின் பக்கத்தில் குனிந்து உட்காரச் சொன்னவரையா குத்துமதிப்பு என்கிறீர்கள்?

300 வந்ததற்குக் காரணம் உண்டு. பற்களையும் குருத்தெலும்பையும் அவர் எலும்புக் கணக்கில் சேர்த்தார். இன்னொரு பழைய வைத்தியரான சரகர் எண்ணிச் சொன்ன 360-இல் நகம்கூட உண்டு. தவறுகளும் இருக்கின்றன. அறிவு குடியிருப்பது இதயத்தில் என்றார்கள். சிரைகள் தொப்புளிலிருந்து கிளம்புகின்றன என்றார்கள். இதையெல்லாம் மறைத்துவிட்டு 'எல்லாம் அன்றே கண்டுவிட்டார்கள்' என்று மேடையில் முழங்குகிறவர்களோடும் எனக்குப் பழைய சண்டை உண்டு. அவர்களும் அந்த ஆற்றங்கரைப் பக்கத்தைப் படித்தவர்கள் இல்லை.

பல்லும் எலும்பும் ஒரே கணக்கில் என்றதும் எனக்கு நம் தர்மபுரி மாவட்டம்தான் நினைவுக்கு வருகிறது. நம் பாறைக்கடியில் ஊறும் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு, உடம்புக்குள் போனால் தேடிப் போய்ப் படிவது பல்லிலும் எலும்பிலும்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அது குடிக்கிற தண்ணீரே அல்ல. சின்ன வயதில் குடித்தால் பல்லில் காவிக்கறை. வருஷக்கணக்கில் குடித்தால் மூட்டு இறுகி முதுகு வளைகிறது. என் முன்பல்லில் இன்னும் அந்தக் கோடு இருக்கிறது. பல் விளக்காமல் வந்தாய் என்று வகுப்பில் எழுப்பி நிற்கவைத்தார் ஓர் ஆசிரியர். எத்தனை தேய்த்தாலும் போகாது, அது பல்லுக்குள்ளேயே விளைந்த கறை என்று அன்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

2013-இல் ஒகேனக்கல் திட்டத்தில் காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது. பெரிய காரியம். ஆனால் குழாயில் வராத நாளில் போர் தண்ணீரைப் பிடித்துக் காய்ச்சிக் குடிக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். இதை இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதினேன் என்று எனக்கே கணக்கில்லை. இன்னும் எழுதுவேன்.

உங்கள் மகள் என்ன தண்ணீர் குடிக்கிறாள்? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.