எம்.பி.பி.எஸ். மாணவராக முதல் மெடிசின் போஸ்டிங் (பொது மருத்துவ வார்டுப் பயிற்சி) முடிகிறது, இன்னும் ஒரு டயக்னோசிஸ்கூட சொல்ல வரவில்லை. இத்தனை நாள் வார்டில் நின்றது வீணா?

வீணில்லை. பேத்தாலஜியும் (நோயியல்) ஃபார்மகாலஜியும் (மருந்தியல்) பாதிகூட முடியாத இரண்டாம் ஆண்டில் நோயின் பெயர் சொல்ல வராது. இப்போது கைக்கு வந்திருக்க வேண்டியவை இரண்டுதான்: ஹிஸ்டரி (நோயாளியிடம் கேட்டறியும் விவரம்), வைட்டல்ஸ் (நாடி, பி.பி., மூச்சு எண்ணிக்கை போன்ற அடிப்படை அளவுகள்).

"மூச்சு வாங்குது" என்றதும் டிஸ்ப்னியா (மூச்சுத்திணறல்) என்று எழுதி நகர்ந்துவிடாதீர்கள். "தண்ணிக் குடத்தோட மாடி ஏற முடியுதாம்மா? படுத்தா முட்டுதா? எத்தனை தலகாணி வெச்சுக்கறீங்க? ராத்திரி தூக்கத்துல எழுந்து உக்காந்துடறீங்களா?" என்று கேளுங்கள். இதயமா நுரையீரலா என்ற யோசனை இந்தப் பதில்களில்தான் தொடங்குகிறது. குடிப்பழக்கத்துக்கு நேராக 'எப்போதாவது' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. 42.8 சதவீத ஆல்கஹால் உள்ள ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மி.லி.யில், சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. தினமும் அந்த அளவு என்றால் கல்லீரலைக் கவனித்தே ஆக வேண்டும். உறவினர்கள் சூழ்ந்திருக்கும்போது இதைக் கேட்காதீர்கள், உண்மை வராது. சென்னை சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ஜி.எச். (அரசு பொது மருத்துவமனை) போன்ற இடங்களில் தெலுங்கு மட்டும் பேசுகிறவர்களும் வருவார்கள். உடன் வந்தவர் சொன்ன ஹிஸ்டரி என்றால் அதையும் குறித்துவிடுங்கள்.

பி.பி. பார்க்கும் முன் ஐந்து நிமிடம் ஓய்வு வேண்டும். சட்டைக்கை மேல் கஃப் (கையில் சுற்றும் காற்றுப் பட்டை) கட்டக்கூடாது. கை இதய மட்டத்தில் இருக்கட்டும். குண்டான கைக்குச் சிறிய கஃப் போட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். முதலில் மணிக்கட்டு நாடியைத் தொட்டபடி காற்றடித்து, அது மறையும் இடத்திலிருந்து இன்னும் 30 மி.மீ. ஏற்றுங்கள். பிறகு ஸ்டெத் வைத்து விநாடிக்கு 2, 3 மி.மீ. என்று இறக்குங்கள். நாடியைத் தொடாமல் குத்துமதிப்பாக ஏற்றினால், சிலருக்கு நடுவில் ஒலி மறையும் இடைவெளியில் மாட்டிக்கொண்டு சிஸ்டாலிக்கை (பி.பி.யின் மேல் அளவை) குறைத்து எழுதிவிடுவீர்கள்.

மூச்சு எண்ணிக்கைதான் அதிகம் ஏமாற்றப்படும் வைட்டல். எண்ணாமலே '18' என்று எழுதும் பழக்கம் ஆபத்தானது. நிமோனியாவிலும் செப்சிஸிலும் (உடலெங்கும் பாதிக்கும் கடும் தொற்றுநிலை) நிலை மோசமாவதை முன்கூட்டியே காட்டுபவற்றில் மூச்சு எண்ணிக்கையும் ஒன்று. நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்தபடியே, முழு ஒரு நிமிடம் வயிற்றின் ஏற்ற இறக்கத்தை எண்ணுங்கள். எண்ணுவது தெரிந்தால் நோயாளியின் மூச்சே மாறிவிடும்.

வீக்கத்துக்குக் கணுக்காலை மட்டும் அழுத்திவிட்டு 'இல்லை' என்று எழுதுகிறோம். பல நாள் படுத்தே இருப்பவருக்கு நீர் முதுகின் அடியில், சேக்ரம் (இடுப்பின் பின்பக்க எலும்பு) மேல் சேரும்.

மண்ணீரல் தட்டுப்படும் நோயாளி ஒருவர் இருந்தால் 'நல்ல கேஸ்' என்று பேட்ச் முழுவதும் அவர் வயிற்றை அமுக்கும். வலியோடு இருப்பவரை இருவர் பார்த்தால் போதும், மற்றவர்கள் கேட்டுக்கொள்ளலாம். "ஐயா, வயித்தத் தொட்டுப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டு, கையைத் தேய்த்துச் சூடாக்கி, வலது அடிவயிற்றிலிருந்து தொடங்குங்கள். கண் அவர் முகத்தில் இருக்கட்டும்.

டயக்னோசிஸ் பழக ஒரு வழி உண்டு. கேஸ் ஷீட்டைத் திறக்கும் முன் உங்கள் ஊகத்தையும் அதற்கான காரணத்தையும் இரண்டு வரியில் எழுதிவையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி வந்ததும் ஒப்பிட்டு, எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டீர்கள் என்று அதற்குக் கீழேயே குறியுங்கள்.