முதல் இரண்டு நிமிடம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து இறுதி ஆண்டுக்காக ஒரு த்ரில்லர் படத்தின் தொடக்கக் காட்சியை மட்டும் எடுக்கிறோம். இரண்டு நிமிடம். இரவில் ஒரு பெண் தனியாக வீடு திரும்புகிறாள். கதவைத் திறந்து உள்ளே வந்து, சாவிக்கொத்தை ஆணியில் மாட்டுகிறாள். சற்று நேரத்தில் மின்சாரம் போய்விடுகிறது. உள்ளறையில் யாரோ இருப்பது அவளுக்குத் தெரிகிறது. முகமூடி அணிந்த ஓர் உருவம் வருகிறது. மொத்தம் 41 ஷாட், ஒவ்வொன்றையும் ஒரு கட்டமாக வரைந்த ஸ்டோரிபோர்டு இணைத்திருக்கிறேன். ஒரே இரவில் எடுத்தாக வேண்டும். வீட்டை மேலிருந்து காட்ட ட்ரோன் கிடைக்கும். பின்னணி இசையை முதலிலேயே தேர்ந்தெடுத்துவிட்டோம். அதைக் கேட்டுக்கொண்டேதான் ஷாட் பிரித்தோம். என் கேள்வி, தலைப்பு காட்சிக்கு முன்னால் வரவேண்டுமா, பின்னால் வரவேண்டுமா? எந்த லென்ஸ் பொருத்தமாக இருக்கும்?

ம.

அன்புள்ள ம.,

ஸ்டோரிபோர்டு முழுவதையும் பொறுமையாகப் பார்த்தேன். நன்றாக வரைகிறீர்கள். இருட்டில் அவள் கை சுவரைத் தடவி ஆணியைத் தேடும் அந்த 33ஆவது கட்டத்தை யார் என்ன சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். உங்கள் படம் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் 41 கட்டங்களில் ஒன்றின் கீழேகூட என்ன கேட்கிறது என்று ஒரு சொல் இல்லை. கொஞ்ச காலமாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம் இது. மாணவர் படங்களில் காட்சி ஆண்டுக்கு ஆண்டு துலங்கி வருகிறது, ஒலி நின்ற இடத்திலேயே நிற்கிறது. உங்கள் கடிதம் சரியாக அந்த இடத்தைத் தொட்டுவிட்டது.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். லென்ஸ், கையில் இருப்பது போதும். ட்ரோன் வேண்டாம், அவள் தோளருகே நிற்க வேண்டிய பார்வையாளரை அது மொட்டைமாடிக்கு மேலே தூக்கிக்கொண்டு போய்விடும். 41 ஷாட் என்பது நடக்காத காரியம். விளக்கை நகர்த்தி, ஃபோகஸ் பார்த்து, இரண்டு மூன்று டேக் எடுக்க ஒரு ஷாட்டுக்கு 20 நிமிடம் என்று குறைத்தே வைத்தாலும் 13 மணி 40 நிமிடம் ஆகும். அத்தனை நீள இரவு எங்கே இருக்கிறது? 18க்குள் அடக்குங்கள். முகமூடி உருவம் வரும் கடைசி ஆறு கட்டங்களை இப்போதே கிழித்துப் போடலாம். முகமூடியைப் பார்த்த நொடியில் பார்வையாளருக்குக் கற்பனை செய்ய எதுவும் மிச்சமிருக்காது.

இருட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. விளக்கை அணைத்துவிட்டு, கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை ஏற்றினால் இருட்டு கிடைக்காது, புள்ளி புள்ளியாகக் கொதிக்கும் சாம்பல் நிறம்தான் கிடைக்கும். ஜன்னலுக்கு வெளியே ஒரு விளக்கு வைத்து முகத்தின் ஓரத்துக்கு மட்டும் வெளிச்சம் கொடுங்கள். தேவையைவிடச் சற்று வெளிச்சமாகவே எடுத்து, எடிட்டில் இறக்கிக்கொள்ளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கண்ணுக்குச் சட்டகத்துக்குள் இருப்பது மட்டுமே தெரியும். காதுக்கு அந்த எல்லை கிடையாது. த்ரில்லரில் பயம் இருப்பது சட்டகத்துக்கு வெளியே. அப்படியிருக்க, இசையைப் போட்டுக்கொண்டு ஷாட் பிரித்தோம் என்கிறீர்கள். இசை உங்கள் காதை அடைத்துவிட்டது, அம்மா. அந்த வீட்டில் என்ன கேட்கும் என்று ஐவரில் ஒருவருக்கும் தோன்றாமல் போனது அதனால்தான்.

ஒரு தாளை எடுத்து மூன்று பத்தி பிரியுங்கள்: எந்த நொடி, என்ன கேட்கிறது, அது சட்டகத்துக்கு உள்ளேயா வெளியேயா. 0 முதல் 8ஆவது நொடி வரை திரை கறுப்பு. படிக்கட்டில் காலடி, பூட்டில் சாவி நுழைந்து திரும்புவது. 20ஆவது நொடியில் சாவிக்கொத்து ஆணியில் ஏறுகிறது. அதிலிருந்து 62ஆவது நொடி வரை அவள் நடமாட்டமும் ஃப்ரிட்ஜின் முனகலும். 62இல் மின்சாரம் போகிறது, முனகல் நிற்கிறது. பதின்மூன்று நொடி அவள் மூச்சு மட்டும். 75இல் உள்ளறையிலிருந்து, ஆணியில் சாவி மாட்டும் அதே ஓசை. உங்கள் 33ஆவது கட்டம் இப்போது வருகிறது. அவள் கை ஆணியைத் தேடுகிறது. அவள் சாவி அங்கேயே தொங்குகிறது. அப்படியானால் உள்ளே கேட்டது யாருடைய சாவி? இந்த வீட்டுக்கு இன்னொருவரிடமும் சாவி இருக்கிறது. முகமூடி எதற்கு?

இது வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. 20ஆவது நொடியில் அந்த ஓசையைப் பார்வையாளருக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். முதல் முறை படத்தோடு, க்ளோசப்பில், வேறு எதுவும் குறுக்கிடாமல். வளையம் ஆணியில் உரசும் ஒரு சின்னக் கீறல். பிறகு சாவிகள் சுவரில் இரண்டு மூன்று முறை மோதி அடங்குவது. அடங்கும் வரை ஷாட்டை வெட்டக் கூடாது. முழுசாக இரண்டு நொடி விடுங்கள். எடிட்டில் உங்களில் ஒருவர் "இழுக்கிறதே" என்பார், கேட்காதீர்கள். அங்கே அரை நொடி மிச்சம் பிடித்தால் 75ஆவது நொடியில் பார்வையாளருக்குக் கேட்பது வெறும் உலோகச் சத்தம்; சாவி என்று புரியாது.

இரண்டாவது ஓசைக்கு முதல் ஓசையையே எடுத்து வால்யூமைக் குறைத்து வைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. தூரத்து ஓசை என்பது சின்ன ஓசை கிடையாது. கதவையும் சுவரையும் தாண்டி வரும்போது அதன் கூர்மை போய்விடும், அறையின் எதிரொலி கூடிவிடும். வால்யூமைக் குறைத்த ஓசை அதே காதருகேதான் இருக்கும், மெதுவாகக் கேட்கும், அவ்வளவே. ஆகவே மூன்று விதமாகப் பதியுங்கள்: 20 சென்டிமீட்டரில் ஒன்று, இரண்டு மீட்டரில் ஒன்று, உள்ளறையில் ஒருவர் மாட்ட, பாதி சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் அவள் நிற்கும் இடத்தில் மைக்கை வைத்து ஒன்று. ஒவ்வொன்றிலும் பத்துத் தடவை மாட்டச் சொல்லுங்கள். சாவி ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி விழும். தேர்ந்தெடுக்க இடம் வேண்டும்.

கேமராவில் உள்ள மைக்கை நம்பவே நம்பாதீர்கள். 30 சென்டிமீட்டரில் இருக்கும் மைக்கை மூன்று மீட்டருக்குத் தள்ளினால் நேரடி ஒலி சுமார் 20 டெசிபெல் விழுந்துவிடும், அறையின் எதிரொலி மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். மிஞ்சுவது குகைக்குள் எடுத்தது போன்ற சத்தம். நல்ல மைக் இல்லையென்றால் ஒரு கைபேசியைப் பக்கத்தில் மறைத்து வைத்துப் பதியுங்கள், கேமரா மைக்கைவிட அதுவே மேல். பதிவின் மாதிரி வீதம் (sample rate) 48 கிலோஹெர்ட்ஸ், ஒலி அளவுகாட்டியில் உச்சம் மைனஸ் 12 டெசிபெலுக்கு மேல் போகாமல். ஒலி அளவைத் தானாகச் சரிசெய்யும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். உங்கள் காட்சியில் அது பெரும் கெடுதல் செய்யும். அமைதி வந்ததும் "சத்தம் போதவில்லை" என்று அது தானாக ஏற்றிக்கொண்டே போகும். அவள் மூச்சைப் பிடித்து நிற்கும் இடத்தில் புஸ்ஸென்று இரைச்சல் எழும்பும்.

ஃப்ரிட்ஜ் விஷயத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஷூட்டிங் நடக்கும்போது அது ஓடவே கூடாது. கம்ப்ரஸர் நினைத்தபோது ஓடும், நினைத்தபோது நிற்கும். நீங்கள் எடுக்கும் ஷாட்களோ வரிசை மாறித்தான் எடுக்கப்படும். ஒட்டும்போது ஒரு ஷாட்டில் முனகல், அடுத்ததில் இல்லை, அதற்கடுத்ததில் மறுபடி முனகல். ஒவ்வொரு வெட்டும் காதில் இடிக்கும். எனவே அணையுங்கள். அணைத்தவுடன் வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். மறுபடி போடாமல் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. ஒலிப்பதிவாளர்கள் காலங்காலமாகச் செய்வது இது. முனகலைத் தனியாக, ஃப்ரிட்ஜின் பின்புறம் மைக் வைத்து இரண்டு நிமிடம் பதிந்து எடிட்டில் ஒரே நீளமாகப் பரப்புங்கள்.

இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் அந்த முனகலின் பெரும்பகுதி 100 ஹெர்ட்ஸில் இருக்கும், 60 உள்ள இடத்தில் 120இல். கைபேசி ஸ்பீக்கரில் இரண்டுமே ஏறக்குறைய கேட்காது. கேட்காத முனகல் நின்றால் யாருக்குத் தெரியும்? ஃப்ரிட்ஜின் மேல் இரண்டு கண்ணாடி பாட்டில்களை ஒன்றையொன்று தொடும்படி வைத்துப் பதியுங்கள். அதிர்வில் கிணுகிணுவென்று ஒரு மெல்லிய ஓசை வரும். அது எந்த ஸ்பீக்கரிலும் கேட்கும். நாற்பது நொடி கேட்டும் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், நின்றதும் கவனிப்பார்கள்.

முனகல் நின்ற பிறகு ஒலித்தடத்தைக் காலியாக விட்டுவிடாதீர்கள். முழுச் சூன்யம் வந்தால் ஸ்பீக்கர் கெட்டுவிட்டதோ என்றுதான் நினைப்பார்கள். அங்கே ரூம் டோன், அதாவது யாரும் பேசாமல் அசையாமல் இருக்கும்போதும் அறையில் கேட்கும் மெல்லிய ஒலி, வேண்டும். ஒவ்வோர் அறையிலும் ஷூட்டிங் முடிந்ததும், யாரும் வெளியேறாமல், விளக்குகளை மாற்றாமல், மைக் அதே இடத்தில் இருக்க, ஒரு நிமிடம் அசையாமல் நின்று பதியுங்கள். ஆட்கள் வெளியே போனாலே அறையின் ஒலி மாறிவிடும். அதிகாலையில் களைத்துப்போய், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள். அப்புறம் என்ற ஒன்று கிடையாது.

காலடியை எடிட் முடிந்த பிறகு படத்தைப் பார்த்துக்கொண்டே பதியலாம், அதே செருப்பு, அதே தரை. ஒட்டும்போது ஒலி படத்தை முந்திவிடாமல் பாருங்கள். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒரு ஃபிரேம் சுமார் 42 மில்லிசெகண்ட். ஒன்றிரண்டு ஃபிரேம் பிந்தினால் காது பொறுத்துக்கொள்ளும், முந்தினால் பொறுக்காது. உலகத்தில் ஒலி எப்போதும் ஒளிக்குப் பின்னால்தான் வருகிறது.

இசையைப் பற்றி உங்களுக்கு வருத்தம் இருக்கும். 1958இல் வெளிவந்த 'டச் ஆஃப் ஈவில்' படம் மூன்று நிமிடத்துக்கு மேல் நீளும் ஒற்றை ஷாட்டில் தொடங்குகிறது. ஒரு காரில் குண்டு வைக்கப்படுகிறது, கார் தெருக்களில் ஊர்ந்து போகிறது. வழியில் உள்ள கடைகளின் ஒலிபெருக்கியிலிருந்தும் கார் ரேடியோவிலிருந்தும் வரும் பாட்டுகள் மட்டுமே கேட்க வேண்டும் என்பது இயக்குநர் ஆர்சன் வெல்ஸின் திட்டம். ஸ்டுடியோ அதன்மேல் ஹென்றி மான்சினியின் இசையையும் நடிகர், குழுவினர் பெயர்களையும் ஏற்றிவிட்டது. வெல்ஸ் எழுதிவைத்த 58 பக்கக் குறிப்பை வைத்து 1998இல் வால்டர் மர்ச் மறுபடி எடிட் செய்தபோது இரண்டையும் எடுத்துவிட்டார். கார் சட்டகத்தைவிட்டுப் போனாலும் ரேடியோ சத்தத்தை வைத்து அது பக்கத்தில் இருக்கிறதா என்று நம் காது தேடுகிறது. இரண்டு வடிவத்தையும் ஐவரும் அடுத்தடுத்து உட்கார்ந்து கேளுங்கள். பிறகு உங்கள் இரண்டு நிமிடத்தை இசையே இல்லாமல் ஒட்டுங்கள். கை ஆணியைத் தொட்ட பிறகும் இசை தேவைப்பட்டால் சேர்த்துக்கொள்ளலாம்.

தலைப்பைக் கேட்டிருந்தீர்கள். பின்னால்தான், சாவியைக் கை தொட்டதும் கறுப்பில், மெதுவாக இரண்டு தடவை வாசிக்கிற நேரம். நடிகர், குழுவினர் பெயர்களை ஃப்ரிட்ஜ் முனகும் பகுதியில் போடுங்கள். சாவி ஓசை வரும் 15 முதல் 25ஆவது நொடி வரை ஓர் எழுத்துகூட வரக் கூடாது. வாசிக்கிறவருக்குக் காது கேட்காது.

ஐவரில் ஒருவர் அன்றிரவு ஒலியை மட்டும் பார்க்க வேண்டும். விளக்குப் பிடிக்கவோ சாப்பாடு வாங்கவோ அவரை அனுப்பாதீர்கள். ஹெட்ஃபோனைக் கழற்றாமல் அவர் "இன்னொரு டேக்" என்றால் இயக்குநர் மறுபேச்சில்லாமல் எடுக்க வேண்டும். அது யார் என்று முடிவானதும், மூன்று பத்தித் தாளோடு எழுதுங்கள்.