என்ஜின் நின்றால் விமானம் விழுந்துவிடுமா?

கேள்வி: ஒற்றை என்ஜின் கொண்ட சிறிய விமானம் ஒன்று, புறப்பட்ட சில நொடிகளில் என்ஜின் செயலிழந்து, ஓடுபாதைக்கே திரும்ப முயன்றபோது தரையில் மோதி, உள்ளே இருந்த இருவரும் இறந்ததாகப் படித்தேன். என்ஜின் நின்றால் விமானம் கல்லைப் போல விழுந்துவிடுமா? ஓடுபாதை அருகிலேயே இருந்தும் ஏன் இறங்க முடியவில்லை?

பதில்: கல்லைப் போல விழாது. விமானத்தைத் தாங்குவது இறக்கைகளைத் தழுவி ஓடும் காற்று. அந்த ஓட்டத்துக்குத் தேவையான வேகத்தைத் தருவதே என்ஜினின் வேலை. பயிற்சிக்குப் பரவலாகப் பயன்படும் செஸ்னா 172 விமானம், என்ஜின் நின்ற பிறகும், மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் வேகத்தைக் காத்துக்கொண்டால், ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஏறக்குறைய ஒன்பது மீட்டர் முன்னே மிதந்து செல்லும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருப்பவருக்கு இறங்க இடம் தேட நான்கு நிமிடங்கள் கிடைக்கும். நூறு மீட்டரில் இருப்பவருக்கு அரை நிமிடம்கூடக் கிடைக்காது.

அந்த அரை நிமிடத்திலும் முதல் சில நொடிகள், நடந்ததை நம்ப மறுப்பதிலேயே போய்விடுகின்றன. மூக்கை உயர்த்தி ஏறிக்கொண்டிருந்த விமானம் வேகமிழக்கும்போது, தரை இவ்வளவு அருகில் இருந்தும் மூக்கைத் தரையை நோக்கித் தாழ்த்தியாக வேண்டும். மனமோ மேலே இழுக்கச் சொல்லும். பின்னால் இருக்கும் ஓடுபாதைக்குத் திரும்புவது இன்னும் கடினம். பாதி வட்டம் சுற்றினால் ஓடுபாதைக்குப் பக்கவாட்டில்தான் வந்து நிற்போம் என்பதால், மேலும் திரும்பி, மறுபடி எதிர்ப்பக்கம் திரும்பி நேராக வேண்டும். உயரத்தை இழக்காமல் 45 பாகை சாய்ந்து திரும்பும்போது, விமானம் மிதந்திருக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் சுமார் 19 சதவீதமும், 60 பாகையில் 41 சதவீதமும் கூடிவிடுகிறது. அந்த வேகம் இல்லாதபோது, விமானிகள் 'ஸ்டால்' என்று சொல்லும் நிலையில், ஓர் இறக்கை முதலில் தாங்குதிறனை இழந்து சரிய, விமானம் சுழன்று விழுகிறது. மீட்டெடுக்க உயரம் இருப்பதில்லை.

ஆகவேதான், தாழ்ந்த உயரத்தில் என்ஜின் நின்றால் திரும்பாமல், எதிரே சற்று இடமோ வலமோ தென்படும் வெளியில், இறக்கைகளைச் சமமாக வைத்து, கட்டுப்பாட்டுடன் இறங்கக் கற்பிக்கிறார்கள். விமானம் நொறுங்கினாலும் உயிர் பிழைக்க அதுவே நல்ல வழி. இருந்தாலும், திரும்ப முயன்று உயிரிழந்த ஒருவரை 'தவறு செய்தார்' என்று ஒரே சொல்லில் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. பழகிய ஓடுபாதை அருகிலேயே இருக்கும்போது, முன்பின் தெரியாத வயலை நோக்கிச் செல்லும் முடிவைப் புறப்படும் முன்பே எடுத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டால்தான் அந்த நொடியில் கை அதன்படி நடக்கும்.

கேள்வி: என்ஜின் ஏன் நிற்கிறது? அதை எப்படிக் கண்டறிகிறார்கள்?

பதில்: எரிபொருள் தீர்ந்துபோவது, எந்தத் தொட்டியிலிருந்து எரிபொருள் வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வால்வைக் காலியான தொட்டியிலேயே விட்டுவைப்பது, எரிபொருளில் நீர் கலப்பது, ஈரமான காற்றில், எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குள் பனி உறைவது ஆகியவை அடிக்கடி காணப்படும் காரணங்கள். வெளியே 20 பாகை செல்சியஸ் வெப்பம் இருக்கும்போதுகூட அங்கே பனி உறையலாம். நீரைக் கண்டறிய, புறப்படும் முன் தொட்டியின் அடியிலிருந்து சிறு கண்ணாடிக் குழாயில் எரிபொருளை வடித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். நீல நிற எரிபொருளுக்கு அடியில் நிறமற்ற ஒரு துளி தங்கியிருந்தால் அது நீர்.

விபத்துக்குப் பிறகு விசாரணையாளர்கள் முதலில் பார்ப்பவற்றுள் ஒன்று, என்ஜின் சுழற்றும் விசிறியான புரொப்பெல்லர். அதன் இதழ்கள் முறுக்கிக்கொண்டு, குறுக்கே கீறல்கள் விழுந்திருந்தால் மோதும்போது என்ஜின் ஓடிக்கொண்டிருந்திருக்கலாம். ஓர் இதழ் மட்டும் பின்னோக்கி வளைந்து மற்றது நேராகவே இருந்தால், புரொப்பெல்லர் சுழலாமல் நின்றிருந்தது என்பதற்கு அடையாளம்.