உப்பு மாவு ஏன் விரிசல் விடுது, பிரெட் ஏன் எழும்பல: குடும்பமா சேர்ந்து செய்யறவங்களோட கேள்விகள்

கேள்வி: அக்கா, லீவுல பசங்களோட உக்காந்து உப்பு மாவுல குட்டி குட்டி பொம்மை, நட்சத்திரம் எல்லாம் செஞ்சோம். ஓவன்ல வெச்சு எடுத்தா பாதி வெடிச்சிருச்சு, சிலது பூரிச்சு வீங்கிப் போச்சு. சின்னவ ஒரே அழுகை. எங்க தப்பு பண்ணேன்னே புரியல.

பதில்: முதல்ல சின்னவளை சமாதானப்படுத்துங்க, அந்த விரிசலை சரி பண்ணலாம். துளி மாவும் உப்பும் தண்ணி விட்டு பேஸ்ட் மாதிரி குழைச்சு அந்தக் கீறல்ல அவளையே விரலால தேய்க்க விடுங்க, காய்ஞ்ச அப்புறம் பெயிண்ட் அடிச்சா தெரியவே தெரியாது.

இப்ப காரணத்துக்கு வரேன். நீங்க சொல்றத வெச்சுப் பாத்தா சூடு ஜாஸ்தியா வெச்சிருக்கீங்க. வெளிப்பக்கம் சட்டுனு காய்ஞ்சு சுருங்கிடுது, உள்ள இன்னும் ஈரம், அந்த ஈரம் ஆவியாகி வெளிய வர வழி தேடும்போது ஒண்ணு வெடிக்கும் இல்ல வீங்கும். 2 பங்கு மைதா, 1 பங்கு தூள் உப்பு, 1 பங்கு தண்ணி, இதுதான் அளவு. தண்ணிய மட்டும் மொத்தமா ஊத்தாம கொஞ்சம் கொஞ்சமா விடுங்க, எல்லா மாவும் ஒரே அளவு தண்ணி குடிக்காது. பேக்கிங் பவுடர் கலந்த மாவு வேண்டவே வேண்டாம், அது வீங்கத்தான் செய்யும். பிசையறதை 8, 10 நிமிஷத்துக்குக் குறைக்காதீங்க, கையில ஒட்டாம வழுவழுன்னு வரணும். கல் உப்பு போட்டா சொரசொரன்னு இருக்கும், உருட்டும்போதே ஓரம் பிளக்கும்.

அரை சென்டிமீட்டர் கனத்துக்கு மேல போகாதீங்க. செஞ்சதை அப்படியே ஒரு ராத்திரி விட்டுட்டு மறுநாள் ஓவன்ல 100 டிகிரில 2, 3 மணி நேரம், நடுவுல ஒரு தடவை திருப்பிப் போடணும். ஓவன் இல்லாத வீட்டுல 3, 4 நாள் காத்தாட வெச்சு தினம் திருப்பிவிட்டா போதும், உண்மையச் சொல்லணும்னா எனக்கு அந்த வழிதான் பிடிக்கும். காலைல எழுந்ததும் பசங்க ஓடிப்போய் தொட்டுப் பாக்கறதுக்காகவே. ஒரு பொம்மைக்கு கை, மூக்குன்னு ஒட்டறீங்கன்னா ரெண்டு பக்கமும் தண்ணி தடவிட்டு ஒட்டுங்க, இல்லன்னா காய்ஞ்சதும் மூக்கு தனியா கழண்டுடும். தொங்கவிட ஓட்டை போடறதா இருந்தா ஈரமா இருக்கும்போதே ஸ்ட்ராவால குத்திடணும்.

இன்னும் ரெண்டு விஷயம். குழந்தை கையில சின்ன கீறல் இருந்தாக்கூட அன்னைக்கு இந்த மாவு வேண்டாம், உப்பு எரியும், அப்புறம் அந்தப் பக்கமே வராது. வீட்ல நாய் இருந்தா இதை எட்டாத உயரத்துல வைங்க, அவ்வளவு உப்பு அதுக்கு உயிருக்கே ஆபத்து.

கேள்வி: மேடம், எனக்கு ரெண்டு பசங்க, ஒருத்தனுக்கு 4 வயசு, பெரியவளுக்கு 11. எதை ஆரம்பிச்சாலும் சின்னவனுக்கு முடியல, இல்ல பெரியவளுக்கு போர் அடிக்குது. ரெண்டு பேரும் ஒண்ணா செய்யற மாதிரி ஏதாவது சொல்லுங்க.

பதில்: தம்பி, வெண்ணெய் எடுங்க! நிஜமாத்தான் சொல்றேன். மூடி இறுக்கமான ஒரு பாட்டில், அதுல பாதி அளவுக்கு மட்டும் க்ரீம், அவ்வளவுதான் சாமான். க்ரீம்ல கொழுப்பு 30 சதவீதத்துக்கு மேல இருக்கணும், 35 இருந்தா இன்னும் நல்லது, லோ ஃபேட் வாங்கிட்டு கை வலிக்கக் குலுக்காதீங்க, வராது. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து 15, 20 நிமிஷம் வெளிய வெச்சுட்டு ஆரம்பிங்க.

இதுல அழகே அந்தச் சத்தம்தான். முதல்ல சளப் சளப்னு கேக்கும், கொஞ்ச நேரத்துல சத்தமே நின்னுடும், பாட்டில் சுவரெல்லாம் வெள்ளையா அப்பிக்கும், என்ன குலுக்கினாலும் ஆடாது. என் பொண்ணு சின்னதா இருக்கும்போது சரியா இந்த எடத்துலதான் "கெட்டுப் போச்சு"ன்னு சொல்லி பாட்டில கீழ வெச்சுட்டா. நான் வாங்கி குலுக்கப் போயிருந்தா கதை அங்கேயே முடிஞ்சிருக்கும். இன்னும் 50 தடவை எண்ணுன்னு மட்டும் சொன்னேன், 38 எண்றப்போ உள்ள தொப்புனு ஒண்ணு விழுந்துச்சு, அவ கண்ணு விரிஞ்சதை இன்னைக்கு வரைக்கும் மறக்கல. க்ரீம்ல கொழுப்பு நுண்ணிசா தனித்தனி உருண்டையா, ஒவ்வொண்ணும் ஒரு மெல்லிய தோலுக்குள்ள இருக்கு, குலுக்கக் குலுக்க அந்தத் தோல் கிழிஞ்சு கொழுப்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது, மோர் தனியா பிரியுது. இதைப் பெரியவள விட்டு தம்பிக்குச் சொல்லச் சொல்லுங்க, அவளுக்கு போர் அடிக்காது. டைம் பாக்கறது, க்ரீமையும் வெண்ணெயையும் எடை போடறது (200 மில்லிக்கு 80 கிராம் பக்கம் வரும்), ஜில்லுனு தண்ணி விட்டு தெளியற வரைக்கும் அலசறது எல்லாம் அவ பொறுப்பு. மோர் உள்ள தங்கினா வெண்ணெய் சீக்கிரம் புளிச்சிடும், அதனால அலசறது சும்மா பேருக்கு இல்ல. குலுக்கறது முழுக்க சின்னவன் வேலை, அலுத்தா மட்டும் அக்கா கைமாத்தட்டும்.

நான் எல்லார்கிட்டயும் மல்லுக்கு நிக்கறது இந்த ஒண்ணுக்குத்தான். முக்கியமான வேலைய நாம செஞ்சுட்டு கடைசில மேல தூவறதுக்கு மட்டும் பசங்களைக் கூப்பிடறோம் பாருங்க, அதுல அவங்களுக்கு ஒண்ணும் இல்ல. பிசையறது, குலுக்கறது, அளக்கறது, தப்பா அளக்கறது உட்பட, அவங்க கையில போகணும். நம்ம கை ரெண்டும் முதுகுக்குப் பின்னாடி.

கேள்வி: நானும் என் மகனும் ரெண்டு ஞாயித்துக்கிழமையா பிரெட் ட்ரை பண்றோம், மாவு எழும்பவே மாட்டேங்குது, செங்கல் மாதிரி வருது. அவன் மூணாவது தடவைக்கு வரமாட்டான் போல இருக்கு.

பதில்: மூணாவது தடவை மாவுல கை வெக்கறதுக்கு முன்னாடி ஈஸ்ட் உயிரோட இருக்கான்னு பாத்துடுங்க. அரை கப் வெதுவெதுப்பான தண்ணி, ஒரு ஸ்பூன் சர்க்கரை, ஈஸ்ட், கலக்கி 10 நிமிஷம் வைங்க. நுரை பொங்கினா ஓகே, பொங்கலைன்னா பாக்கெட் பழசு, உங்க மேல தப்பே இல்ல. தண்ணி சூடும் ஒரு காரணமா இருக்கலாம், 55, 60 டிகிரி ஆச்சுன்னா ஈஸ்ட் செத்துடும். மணிக்கட்டுல ஒரு சொட்டு விட்டா லேசா கதகதப்பு தெரியணும், சுடுதுன்னு தோணிச்சுன்னா ஆற விடுங்க.

அதுக்கப்புறம் கடிகாரத்தைப் பாக்காதீங்க. ஒரு மணி நேரம்னு எழுதியிருந்தாலும் குளிரான சமையலறையில ரெண்டு மணி நேரம்கூட ஆகும். நெல்லிக்காய் அளவு மாவைத் தனியா ஒரு சின்ன கண்ணாடி டம்ளர்ல அமுக்கிட்டு, அது நிக்கற மட்டத்துல வெளிய ஒரு ரப்பர் பேண்ட் போட்டு மகன்கிட்ட குடுங்க. டம்ளர் மாவு கோட்டுக்கு மேல இன்னொரு மடங்கு ஏறினா பாத்திரத்துல இருக்கறதும் ஏறிடுச்சுன்னு அர்த்தம். அதைப் பாக்கறதுக்கே அவன் வருவான் பாருங்க.

பச்சை மாவை மட்டும் ருசி பாக்க விடாதீங்க. முட்டைதான் ஆபத்துன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, வேகாத மாவுலயும் சால்மொனெல்லா, ஈ.கோலை மாதிரி கிருமி இருக்கலாம். உப்பு மாவுக்கும் இதேதான், முடிஞ்சதும் சோப்பு போட்டு கை கழுவணும்.

கேள்வி: பொண்ணு ஸ்லைம் (கொழகொழன்னு இழுபடற விளையாட்டுப் பசை) கேக்கறா, போராக்ஸ் (வெங்காரம்) போட்டு பண்ணலாமா?

பதில்: வேண்டாம்மா. வாய்ல போனா கெடுதல், தோலும் அரிக்கும். அதுக்குப் பதிலா சோள மாவு (கடையில கார்ன்ஃப்ளோர்னு விக்கற வெள்ளை ஸ்டார்ச்) 2 பங்கு, தண்ணி 1 பங்கு கலந்து குடுங்க. மெதுவா விரலை விட்டா தண்ணி மாதிரி உள்ள போகும், ஓங்கிக் குத்தினா கல்லு மாதிரி தடுக்கும், ஸ்லைமை மறந்தே போயிடுவா. முடிஞ்சதும் சிங்க்ல ஊத்தாதீங்க, அடியில படிஞ்சு குழாய அடைச்சிடும், காய வெச்சு குப்பையில போடுங்க.

கேள்வி: பேரனுக்கு 5 வயசு, தானே நறுக்கணும்னு அடம். கத்தி குடுக்கலாமா?

பதில்: குடுக்கலாம் அய்யா, முனை மழுங்கின வெண்ணெய்க் கத்தியும் ஒரு வாழைப்பழமும் முதல்ல. பலகைக்கு அடியில ஈரத்துணி போடுங்க, வழுக்காது. விரல் நுனிய உள்ள மடக்கிப் பிடிக்கப் பழக்குங்க. நீங்க பக்கத்துலயே இருக்கணும், பேப்பர் படிச்சுக்கிட்டே இல்ல.

கேள்வி: 15 வயசு மகன் ரூமை விட்டு வெளிய வரவே மாட்டேங்கறான். "எல்லாரும் சேர்ந்து செய்யலாம் வாடா"ன்னா முறைக்கறான்.

பதில்: அப்படிக் கூப்பிட்டா வரமாட்டான், அந்த வயசு அப்படி. தேவையைச் சொல்லிக் கூப்பிடுங்க. "இது 4 பேருக்கான அளவு, 6 பேருக்கு மாத்தணும், போட்டுக் குடு"ன்னு சொல்லலாம், இல்ல அடுப்பு, ஓவன் பக்கத்தை மொத்தமா அவன்கிட்ட ஒப்படைச்சுட்டு நகந்துடலாம். உப்பு கூடினாலும் வாயத் திறக்காம சாப்பிடுங்க. அடுத்த தடவை அவனே குறைப்பான்.

கேள்வி: செஞ்சதெல்லாம் அலமாரி பூரா நிறைஞ்சிடுச்சு. தூக்கிப் போட மனசு வரல, வெக்கவும் எடம் இல்ல, என்ன பண்றது?

பதில்: மாசத்துக்கு ஒரு நாள் எல்லாத்தையும் தரையில பரப்பி குழந்தையவே ஒண்ணே ஒண்ணு எடுக்கச் சொல்லுங்க, நீங்க கை காட்டாதீங்க, நமக்கு அழகாத் தெரியறதை அவங்க பெரும்பாலும் எடுக்க மாட்டாங்க. மத்ததை அவங்க கையில பிடிச்சுக்கிட்டு நிக்கற மாதிரி போட்டோ எடுத்துட்டு விட்டுடலாம். எடுத்து வெச்ச அந்த ஒண்ணோட அடியில பேரும் தேதியும் அவங்க கையெழுத்துலயே எழுத வைங்க, எழுத்து தலைகீழா இருந்தா திருத்தாதீங்க.