சுக்கினி குவிந்தால் என்ன செய்வது

லாஸ்பேட்டை மாடித்தோட்டத்தில் சுக்கினி (வெள்ளரி போல நீண்ட பூசணி வகைக் காய்) குவிகிறது, பக்கத்து வீட்டுக்காரர்களும் போதும் என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். காயாகும் முன்பே குறைக்கலாமே! அடியில் குட்டிக்காயோடு இருப்பது பெண் பூ. அதைப் பறித்துக் கடலை மாவில் தோய்த்து பஜ்ஜி போடுங்கள், அருமையாக இருக்கும்.

மற்றதை ஒரு சாண் வளர்ந்ததும் பறித்துவிடுங்கள். இளங்காயைத் துருவி, உப்புப் பிசறி, கால் மணி நேரம் கழித்து ஒட்டப் பிழிந்து அடை மாவில் கலக்கலாம். சரியாகப் பிழியாவிட்டால் மாவு நீர்த்து, அடை கல்லில் ஒட்டிக்கொள்ளும். பிழிந்த தண்ணீரைச் சாம்பாரில் ஊற்றுங்கள், அப்புறம் உப்பைக் குறைத்துப் போடுங்கள்.

முற்றியதா? தோல் சீவி, விதை வழித்து மோர்க்குழம்புக்கு. சீக்கிரம் குழைந்துவிடும், கவனம். மழைக்கால ஈரக்காற்றில் வத்தல் மட்டும் வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். கடுமையாகக் கசக்கும் காயைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், வயிற்றைக் கெடுக்கும்.