லினக்ஸில் நேற்று ஓடிய கேம் இன்று திக்கினால்

கேள்வி: ஏழு மாதமாக என் கணினியில் லினக்ஸ் மட்டும்தான். வேலை முடிந்து வந்ததும் தினமும் இரண்டு மணி நேரம், ஸ்டீமில் வாங்கிய விண்டோஸ் கேம்களை ஓட்டிப் பார்க்கிறேன். விளையாடுவதைப் போலவே சோதித்துப் பார்ப்பதும் எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் நேற்று சீராக ஓடிய கேம் இன்று திக்கித் திக்கி ஓடுகிறது. விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட வைக்கும் புரோட்டானின் பதிப்பை மாற்றுகிறேன், கேம் தொடங்கும்போது கொடுக்கும் லாஞ்ச் ஆப்ஷன் கட்டளைகளில் யாரோ எழுதிய வரிகளைச் சேர்க்கிறேன். சில நாள் சரியாகிவிடுகிறது, எதனால் என்று தெரிவதில்லை. பல மாலைகள் இதிலேயே கழிந்துவிடுகின்றன. குறை கேமிலா, புரோட்டானிலா, டிரைவரிலா, என் கணினியிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சேர்த்த வரிகளை எப்போதாவது எடுத்தீர்களா? ஸ்டீமில் அந்தக் கேமின் பெயர் மீது வலச்சொடுக்குச் செய்து, லாஞ்ச் ஆப்ஷன்ஸ் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஏழு மாதத்தில் அங்கே ஒரு பெரிய வரிசையே சேர்ந்திருக்கும். அதை அப்படியே ஒரு கோப்பில் எடுத்து வைத்துக்கொண்டு, பெட்டியைக் காலியாக்குங்கள். நீங்களாகத் தேர்ந்தெடுத்த புரோட்டான் பதிப்பையும் நீக்கிவிடுங்கள். ஸ்டீம் தானாகத் தேர்வதே ஓடட்டும். வேறு எதையும் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பழைய கேம் ஒன்றுக்காக வைத்திருந்த வரியை, அங்கே நன்றாக வேலை செய்கிறதே என்று புதிய கேம் ஒன்றுக்கும் ஒட்டினேன். கார்டில் படம் வரைவதற்கான புதிய வழியான வல்கனை விட்டுவிட்டு, பழைய வழியான ஓபன்ஜிஎல் வழியாகப் போகச் சொல்லும் கட்டளை அதற்குள் இருந்தது. புதிய கேமின் வேகம் பாதியாகக் குறைந்தது. நான் டிரைவரைச் சந்தேகப்பட்டேன், பிறகு லினக்ஸின் மையமான கர்னலைச் சந்தேகப்பட்டேன். இரண்டு வாரம் போன பிறகுதான் அந்த வரியைப் படித்துப் பார்க்கத் தோன்றியது. இப்படி ஒட்டப்படும் வரிகளில் பல, என்றோ ஒரு டிரைவரில் இருந்த குறைக்காக எழுதப்பட்டவை. புரோட்டானுக்குள் இருக்கும் டிஎக்ஸ்விகே என்ற பகுதிக்கான 'ஏசிங்க்' வரியை இன்றும் பலர் பரிந்துரைக்கிறார்கள். இன்றைய அதிகாரபூர்வ டிஎக்ஸ்விகே அதைக் கண்டுகொள்வதே இல்லை. அதைச் சேர்த்த பிறகு கேம் சரியானது போல் தோன்றினால், வேறு ஏதோ காரணத்தால் சரியாகியிருக்கிறது.

அந்த வேறு காரணத்தைப் பிடிக்க, ஒரு விண்டோஸ் கேம் லினக்ஸில் ஓடும்போது என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். கேம் விண்டோஸிடம் கேட்பதையெல்லாம் லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பது வைன். 1993இல் தொடங்கிய திட்டம். கேம் படம் வரைய விண்டோஸின் டைரக்ட்3டியை அழைக்கிறது. அதன் 8 முதல் 11 வரையிலான பதிப்புகளை வல்கனுக்கு மாற்றுவது டிஎக்ஸ்விகே. 12ஆம் பதிப்பை மாற்றுவது விகேடி3டி-புரோட்டான். இவற்றையெல்லாம் ஒன்றாகக் கட்டித் தருவதுதான் புரோட்டான்; ஸ்டீமை நடத்தும் வால்வ் அதை முதலில் வெளியிட்டது 2018 ஆகஸ்டில். அதற்குக் கீழே கிராஃபிக்ஸ் டிரைவர், அதற்கும் கீழே கர்னல். இத்தனை அடுக்குகளும் தனித்தனி நாள்களில் புதுப்பிக்கப்படுகின்றன. கேமுக்கும் ஓர் அப்டேட் வந்திருக்கலாம். "நான் எதையும் மாற்றவில்லையே" என்று நீங்கள் சொல்லும் நாளில்கூட இரண்டு அடுக்குகள் மாறியிருக்கக்கூடும். அதோடு நீங்களும் புரோட்டானை மாற்றி, வரியையும் சேர்த்துவிட்டால், எது கெடுத்தது, எது சரிசெய்தது என்பதை யாராலும் சொல்ல முடியாது. ஒரு சோதனைக்கு ஒரு மாற்றம் மட்டும் என்பதில் நான் மிகவும் கண்டிப்பாக இருப்பேன். நீங்களும் இருங்கள்.

இனி திக்கலுக்கு வருவோம். நொடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை படம், என்ற எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் திக்கலைப் பிடிக்க முடியாது. நொடிக்கு 60 என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிநொடி. அதில் ஒரே ஒரு ஃபிரேம் 100 மில்லிநொடி எடுத்துக்கொண்டது என்று வையுங்கள். அந்த நொடியின் சராசரி 55 என்றுதான் காட்டும். கண்ணுக்கோ அது முகத்தில் அறைந்தது போல் இருக்கும். ஆகவே ஃபிரேம் நேரக் கோட்டைப் பாருங்கள். மேங்கோஹட் என்ற கருவி அதைத் திரையின் ஓரத்தில் வரைந்து காட்டும். அதை நிறுவிவிட்டு, காலியாக்கிய பெட்டியில் மேங்கோஹட் என்ற பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, இரண்டு விழுக்காட்டுக் குறிகளுக்கு நடுவே கமாண்ட் என்ற சொல்லைச் சிறிய எழுத்துகளிலேயே எழுதுங்கள். இந்த ஒரு வரிக்கு மட்டும் இப்போதைக்கு இடம் உண்டு.

கோட்டின் வடிவம் நிறையச் சொல்லும். பெரும்பாலும் தட்டையாக இருந்து, புதிய எதிரி வரும்போதோ முதல் முறை வெடி வெடிக்கும்போதோ மட்டும் ஊசி போல் எழுந்து தணிந்தால், அது ஷேடர் தொகுப்பு; அது என்ன என்று அடுத்துச் சொல்கிறேன். தொடக்கத்திலிருந்தே கோடு சீராக உயரத்தில் நின்றால், கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சுமை அதிகம். அல்லது வேறு கார்டில் ஓடுகிறது. அரை மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு மெல்ல மெல்ல மேலே ஏறினால், வெப்பத்தையும் கார்டின் நினைவகத்தையும் பாருங்கள். இரண்டையும் மேங்கோஹட்டிலேயே காட்டச் செய்யலாம். நினைவகம் நிரம்பி வழிகிறதென்றால் டெக்ஸ்சர் எனப்படும் மேற்பரப்புப் படங்களின் தரத்தை ஒரு படி குறைத்தாலே போதும். சரியான இடைவெளியில் சீப்புப் பற்கள் போல் எழுந்து விழுந்தால், பின்னணியில் ஏதாவது ஒரு நிரல் அடிக்கடி விழித்துக்கொள்கிறதா, கேமின் ஃபிரேம் வரம்பும் திரையின் புதுப்பிப்பு வேகமும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

உங்கள் கேமில் நடப்பது முதல் வகை என்றே நினைக்கிறேன். ஷேடர் என்பது கிராஃபிக்ஸ் கார்டில் ஓடும் சிறு நிரல். கேமோடு வருவது எந்தக் கார்டுக்கும் பொதுவான வடிவம். உங்கள் கார்டுக்கு ஏற்ற இயந்திர மொழியாக அதை மாற்றுவது உங்கள் டிரைவர். ஒருமுறை மாற்றியதைச் சேமித்து வைத்துக்கொள்வதால் மறுமுறை திக்குவதில்லை. ஆனால் டிரைவர் புதுப்பிக்கப்பட்டால் பழைய சேமிப்பு செல்லாது. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொகுக்க வேண்டும். நேற்று சீராக ஓடியதும் இன்று திக்குவதும், இரண்டு நாள் கழித்துத் தானாகவே சரியாவதும் இதனால்தான். அந்த இரண்டு நாளுக்குள் நீங்கள் எந்த வரியைச் சேர்த்திருந்தாலும், அதனால்தான் சரியானது என்று நம்பியிருப்பீர்கள். 2022 நவம்பரில் வந்த டிஎக்ஸ்விகே 2.0, டிரைவர் ஒத்துழைத்தால், ஷேடர்களில் பெரும்பகுதியைக் கேம் ஏற்றப்படும்போதே தொகுத்துவிடும். அன்றிலிருந்து இந்தத் திக்கல் வெகுவாகக் குறைந்திருக்கிறது, ஆனாலும் முழுக்கப் போய்விடவில்லை.

உறுதிப்படுத்திக்கொள்ள எளிய வழி இருக்கிறது. கேமில் ஒரு சேமிப்பு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கிருந்து ஒரே பாதையில் இரண்டு நிமிடம் நடந்துவிட்டு, அதே சேமிப்பை மீண்டும் ஏற்றி, அதே பாதையில் நடங்கள். மூன்று முறை செய்யுங்கள். முதல் முறை இருந்த ஊசிகள் மூன்றாம் முறை இல்லையென்றால் ஷேடர்தான்; எதையும் தொடாதீர்கள், விளையாடுங்கள். மூன்று முறையும் அதே மூலையில் அதே ஊசி எழுந்தால், அந்த இடத்தைக் கேம் வட்டிலிருந்து ஏற்றுவதாக இருக்கலாம். விண்டோஸிலும் அந்த இடத்தில் அது திக்கக்கூடும். இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. ஒரு கேமை முதன்முதலாக ஓட்டும் மாலையில் மட்டும் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

வட்டில் இடம் மிச்சப்படுத்துவதற்காக ஷேடர்களை முன்கூட்டியே இறக்கித் தரும் ஸ்டீமின் ஷேடர் முன்சேமிப்பைச் சிலர் நிறுத்திவிடுகிறார்கள். திக்கலைத் தவிர வேறொரு தொல்லையும் அதனால் வரும். சில கேம்களின் காணொளிக் காட்சிகள் புரோட்டானில் நேராக ஓடாது என்பதால், அவற்றின் மாற்றிய வடிவத்தை ஸ்டீம் அந்த முன்சேமிப்போடுதான் அனுப்புகிறது. அது வராதபோது கதைக் காட்சி வர வேண்டிய இடத்தில், பழைய தொலைக்காட்சியில் ஒளிபரப்பு தொடங்கும் முன் தெரியுமே, அதே வண்ணப் பட்டைகள் தெரியும். பார்த்தவர்கள் கார்டே பழுதாகிவிட்டது என்று பயந்துபோவார்கள். முன்சேமிப்பை மீண்டும் இயக்கிவிட்டுப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் ஜிஇ-புரோட்டானை முயலலாம். கூடுதல் காணொளி ஆதரவோடு தன்னார்வலர்கள் கட்டித் தருவது அது.

மடிக்கணினி என்றால் மேங்கோஹட்டில் கார்டின் பெயரையும் காட்டச் செய்யுங்கள். இரண்டு கார்டுகள் உள்ள கணினியில் கேம் சிறிய கார்டில் ஓடிக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கும். பெயருக்குப் பதில் எல்எல்விஎம்பைப் என்று வந்தால், கார்டே வேலை செய்யவில்லை, படம் முழுவதையும் செயலி வரைகிறது என்று பொருள். டிரைவர் சரியாக நிறுவப்படவில்லை. என்விடியா டிரைவரைப் புதுப்பித்துவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்யாமல் கேமைத் திறந்தால், அது திறக்காமலே போகலாம். கர்னலுக்குள் பழைய டிரைவர், வெளியே புதிய நூலகம், இரண்டுக்கும் பொருந்தாது. மறுதொடக்கம் செய்தால் சரியாகிவிடும்.

பழைய விண்டோஸ் வட்டிலேயே கேம்களை வைத்திருக்கிறீர்களா? புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் உருவாக்கும் கோப்புறைக்குள், சி என்ற எழுத்தும் முக்காற்புள்ளியும் சேர்ந்த பெயரில் ஓர் இணைப்பு இருக்கும். விண்டோஸில் கோப்புப் பெயருக்குள் முக்காற்புள்ளி வரக் கூடாது. அதனால் விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் உள்ள வட்டில் விசித்திரமான கோளாறுகள் எழும். லினக்ஸின் கோப்பு முறைகளான எக்ஸ்ட்4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் உள்ள வட்டுக்குக் கேம்களை மாற்றிவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

அந்தக் கோப்புறையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஸ்டீமின் ஸ்டீமாப்ஸ் கோப்புறைக்குள் காம்பாட்டேட்டா என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் கேமின் அடையாள எண்ணில் உள்ள கோப்புறைதான் அந்தக் கேமுக்கான போலி விண்டோஸ். எதுவும் சரிவராதபோது அதை நீக்கச் சொல்வார்கள். நீக்காதீர்கள், பெயரை மாற்றி வையுங்கள். நீங்கள் முப்பது மணி நேரம் விளையாடிச் சேமித்தது பல கேம்களில் அதற்குள்தான் இருக்கிறது. எல்லாக் கேம்களும் கிளவுடில் சேமிப்பதில்லை. லினக்ஸுக்கென்றே வந்த பதிப்பிலிருந்து புரோட்டானுக்கு மாறும்போது சேமித்ததெல்லாம் காணாமல் போனதாகத் தோன்றினாலும் பதற வேண்டாம். இரண்டும் வெவ்வேறு இடங்களில் சேமிக்கின்றன.

ஆன்லைன் கேம்களில் ஒரு பகுதி உங்கள் முயற்சிக்கு அப்பாற்பட்டது. ஏமாற்றி விளையாடுவதைத் தடுக்கும் நிரல்களான ஈசி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021 செப்டம்பரில் புரோட்டானுக்கு ஆதரவு அறிவித்தன. ஆனால் ஒவ்வொரு கேமிலும் அதை இயக்கிவிட வேண்டியவர் அந்தக் கேமைத் தயாரித்தவர். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்ற கேம் இரண்டு ஆண்டுக்கு மேல் லினக்ஸில் ஓடியது. 2024 இறுதியில் அதன் தயாரிப்பாளர்கள் நிறுத்திவிட்டார்கள். இந்த வகைக் கேமுக்காக ஒரு மாலையைக்கூடச் செலவிடாதீர்கள் என்றே சொல்வேன்.

கேம் திறக்காமலே மூடிக்கொண்டால் பதிவுக் கோப்பு உதவும். புரோட்டான், லாக் என்ற இரு சொற்களை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அடிக்கோட்டால் இணைத்து, சமக்குறி போட்டு 1 என்று எழுதி, இடைவெளி விட்டு முன்பு சொன்ன கமாண்ட் சொல்லை எழுதினால், உங்கள் முகப்புக் கோப்புறையில் கேமின் எண்ணோடு ஒரு கோப்பு உருவாகும். திறந்ததும் ஆயிரக்கணக்கான 'ஃபிக்ஸ்மீ' வரிகளைப் பார்த்து மலைத்துவிட வேண்டாம். வைன் இன்னும் எழுதி முடிக்காத இடங்களின் நினைவூட்டல்கள் அவை. நன்றாக ஓடும் கேமிலும் வரும். கடைசியிலிருந்து மேலே வாருங்கள். 'எர்' என்று குறிக்கப்பட்ட வரிகளில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும்.

ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, கர்னல் பதிப்பு, டிரைவர் பதிப்பு, புரோட்டான் பதிப்பு, அன்று மாற்றிய ஒன்று, கோடு எப்படி இருந்தது. ஒரு வரி போதும். ஸ்டீமின் உதவிப் பட்டியலில் உள்ள கணினித் தகவல் பக்கம் இவற்றில் பெரும்பாலானவற்றைக் காட்டிவிடும். புரோட்டான் 8இல் ஓடியது 10இல் ஓடவில்லை என்று நோட்டில் இருந்தால், அடுத்து 9ஐ முயல்வீர்கள். இப்படிப் பாதியாகப் பிரித்துக்கொண்டே போய், உடைந்த இடத்தைச் சொல்லும் குறிப்பு, "ஓடவில்லை" என்று எழுதும் நூறு பேரின் புகாரைவிட நிரல் எழுதுபவருக்குப் பயன்படும். சோதிப்பது பிடித்திருக்கிறது என்றீர்களே, அந்த ஆர்வத்துக்கு நல்ல வேலை இது. மனமாரச் சொல்கிறேன், உங்களைப் போல மாலை நேரத்தில் பொறுமையாகக் குறித்து அனுப்பியவர்களால் சரியான கேம்களை நானும் விளையாடிக்கொண்டிருக்கிறேன்.

விளையாட உட்காரும் நாளையும் சோதிக்க உட்காரும் நாளையும் பிரித்துக்கொள்ளுங்கள். விளையாடும் நாளில் அப்டேட் வேண்டாம், பதிப்பு மாற்றமும் வேண்டாம்; மேங்கோஹட்டைக்கூட அணைத்து வையுங்கள். திக்கும் அந்தக் கேமுக்கு நாளை மாலை பெட்டியைக் காலியாக்கி, மூன்று முறை நடக்கும் சோதனையைச் செய்யுங்கள். மூன்றாம் முறையும் ஊசிகள் எழுந்தால், நோட்டின் அந்தப் பக்கத்தையும் பதிவுக் கோப்பையும் எனக்கு அனுப்புங்கள். கேமின் பெயரும் கார்டின் பெயரும் அதில் இருக்கட்டும்; இந்தக் கடிதத்தில் இரண்டையும் விட்டுவிட்டீர்கள்.